மைக்கை அணையுங்கள், பதிவேட்டைத் திறவுங்கள்: எல்லையோரச் சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: தமிழ்நாடு-கேரள எல்லையான களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் மார்த்தாண்டம், குழித்துறை, கொல்லங்கோடு, அருமனை வட்டாரங்களிலும், அந்தப் பக்கம் பாறசாலை, நெய்யாற்றின்கரை, வெள்ளறடை வட்டாரங்களிலும் உள்ள போதகர்கள், பங்குத்தந்தையர், இரட்சணிய சேனை அதிகாரிகள், பெந்தெகொஸ்தே பாஸ்டர்மார், சேகரக் கமிட்டியார், பங்குப் பேரவையினர்.

கிறிஸ்துவுக்குள் பிரியமானவர்களுக்கு ஸ்தோத்திரம்.

தேர்தலுக்கு முந்தின ஞாயிறு நம் ஆலயங்கள் பலவற்றில் நடப்பது உங்களுக்குத் தெரியும். திருமண ஓலை வாசித்தாகிவிடும், காணிக்கைக் கணக்கு சொல்லியாகிவிடும், கமிட்டிக் கூட்டத் தேதியும் அறிவித்தாகிவிடும். கடைசியில் குரலைச் சற்றே தாழ்த்தி இன்னொரு அறிவிப்பு வரும். பெயர் இருக்காது, சின்னம் இருக்காது. 'நம்மை ஆதரிக்கிறவர் யாரென்று உங்களுக்கே தெரியும், ஜெபத்தோடு முடிவெடுங்கள்' என்று இருக்கும். முன்பெஞ்சில் பொன்னாடையோடு ஒருவர் உட்கார்ந்திருப்பார். சிலர் சிரிப்பார்கள், சிலர் செருப்பைத் தேடுவார்கள்.

அந்த ஒரு நிமிடத்தால் சபைக்கு வரக்கூடிய கேடு என்ன, அதை விட்டுவிட்டால் அதே சபை எடுத்துச் செய்யக்கூடிய பொதுவேலை எவ்வளவு கிடக்கிறது என்பதைச் சொல்லவே இந்த மடல். கிறிஸ்தவர்கள் அரசியலுக்கு வரக்கூடாது என்று சொல்ல வரவில்லை. நிறையப் பேர் வரவேண்டும். ஆலயம் கட்சி அலுவலகம் ஆகாமல் வரவேண்டும்.

முதலில் சட்டம். 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123ஆவது பிரிவு, மதம், இனம், சாதி, சமுதாயம், மொழி ஆகியவற்றின் பெயரால் வாக்குக் கேட்பதையும், வாக்களிக்க வேண்டாம் என்று சொல்வதையும் தேர்தல் ஊழல் என்கிறது. 2017 ஜனவரி 2 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, நாலுக்கு மூன்று என்ற கணக்கில், இதன் எல்லையை விரித்துவிட்டது. வேட்பாளர் தன் மதத்தைச் சொல்லிக் கேட்டால்தான் தப்பு என்று அதுவரை வாதாட இடமிருந்தது. இப்போது வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்டாலும் தப்பு. அதாவது இந்து வேட்பாளர் ஒருவருக்காக நீங்கள் நின்று 'கிறிஸ்தவர்களாகிய நாம் இவருக்கே' என்றாலும் அதே பிரிவுதான்.

அதே 123இல் நம்மவர்கள் அதிகம் படிக்காத இன்னொரு வரி உண்டு. ஒருவருக்கு வாக்களித்தால் அல்லது வாக்களிக்காவிட்டால் தெய்வகோபத்துக்கோ சபைக் கண்டனத்துக்கோ ஆளாவாய் என்று வாக்காளரை நம்பவைப்பது தகாத வற்புறுத்தல். 'கர்த்தர் கணக்குக் கேட்பார்' என்று தேர்தலோடு சேர்த்துச் சொன்னால் அதில் மாட்டும். திருவிருந்து, கல்லறைத் தோட்டத்தில் இடம், திருமணச் சான்று, இவற்றை வாக்கோடு முடிச்சுப் போட்டால் கேட்கவே வேண்டாம்.

இதில் அடிபடுவது நீங்கள் ஆதரித்த ஆளேதான். வேட்பாளர் அல்லது அவருடைய தேர்தல் முகவர் சம்மதத்தோடு நீங்கள் பேசியதாக நிரூபணமானால், முடிவு அறிவித்த 45 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் போடும் தேர்தல் மனுவால் அவருடைய வெற்றியே செல்லாமல் போகும். ஆறு ஆண்டு வரை தகுதி இழப்பும் வரலாம். முன்பெஞ்சில் பொன்னாடையோடு அவர் உட்கார்ந்திருந்த போட்டோவே சம்மதத்துக்குச் சாட்சி. பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. 2004 மக்களவைத் தேர்தலில் மூவாற்றுபுழையில் பி.சி. தாமஸ் 529 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். போப்பாண்டவர், அன்னை தெரசா படங்களைப் பிரசாரத்துக்குப் பயன்படுத்தி மதத்தின் பெயரால் வாக்குக் கேட்டதாக வழக்கு. 2006இல் கேரள உயர் நீதிமன்றம் அந்தத் தேர்தல் செல்லாது என்றது. 2009இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது.

போதகர், செயலர், பொருளாளர் தலைமேல் நேரடியாக விழுவது வேறொரு சட்டம்: சமய நிறுவனங்கள் தவறாகப் பயன்படுத்தப்படுவதைத் தடுக்கும் 1988ஆம் ஆண்டுச் சட்டம். ஆலய வளாகம், ஆலயப் பணம், ஆலயத்தின் பேரில் நடக்கும் திருவிழா, கன்வென்ஷன், பவனி எதையும் அரசியல் நடவடிக்கைக்குக் கொடுக்கக் கூடாது. மீறினால் ஐந்து ஆண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். தண்டனை பெற்றவர் ஆறு ஆண்டுக்கு எந்தச் சமய நிறுவனத்திலும் நிர்வாகப் பொறுப்பில் இருக்க முடியாது. இந்தச் சட்டத்தில் 'அரசியல் நடவடிக்கை' என்ற சொல்லுக்கு மிக அகலமான பொருள் கொடுத்திருக்கிறார்கள். ஆகவே 'நாங்கள் கட்சி பேரைச் சொல்லவில்லையே' என்பது வாதமாக நிற்காது.

சின்னச் சின்னக் கண்ணிகளும் உண்டு. தேர்தல் துண்டறிக்கையில் அச்சகத்தின் பெயர், வெளியிடுபவரின் பெயர், முகவரி இல்லாவிட்டால் ஆறு மாதச் சிறை வரை போகும். வேட்பாளரின் எழுத்து அனுமதி இல்லாமல் அவருக்காகச் சபை செலவு செய்தால் அதுவும் குற்றம். வெளிநாட்டு நன்கொடை பதிவு வைத்திருக்கும் மறைமாவட்டமோ பேராயமோ ஒரு ரூபாயைக் கூட இந்தப் பக்கம் நகர்த்தினால் பதிவே ஆட்டம் காணும். நடத்தை விதிகள் ஆலயத்தைப் பிரசார மேடையாக்குவதை வெளிப்படையாகத் தடுக்கின்றன. சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களில் சி-விஜில் என்ற புகார்ச் செயலியில் ஏற்றிய வீடியோவுக்கு 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை என்பது தேர்தல் ஆணையத்தின் கணக்கு. பின்பெஞ்சில் இருக்கும் கல்லூரிப் பையன் கையிலிருக்கிற போன் போதும். போதகரின் ஆசி ஜெபம் முடியுமுன் பறக்கும் படை வாசலில் நிற்கும்.

சட்டத்தை ஒதுக்கி வைத்தாலும், இந்த எல்லையில் சபை சின்னம் காட்டுவது கணக்குக்கே ஒத்துவராது. களியக்காவிளை செக்போஸ்டைத் தாண்டினால் கூட்டணி தலைகீழாகும். 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டுப் பக்கம் ஒரே மேடையில் கைகோத்து நின்ற காங்கிரசும் மார்க்சிஸ்டும் பாறசாலைப் பக்கம் நேருக்கு நேர் எதிரிகள். அக்காளை மார்த்தாண்டத்திலும் தங்கச்சியை நெய்யாற்றின்கரையிலும் கட்டிக்கொடுத்த குடும்பங்கள் நம் சபைகளில் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். இந்தப் பக்கம் 'இது தேவ சித்தம்' என்றால், அந்தப் பக்கம் தேவ சித்தம் மாறிவிட்டதா என்று பிள்ளைகள் கேட்பார்கள். பதில் சொல்ல வேதாகமத்தில் இடமில்லை.

விலை பேசுவதாலும் லாபமில்லை. 2023 மார்ச்சில் தலசேரிப் பேராயர் பாம்பிளானி, ரப்பர் விலையை 300 ரூபாயாக்கினால் மத்தியில் ஆளும் கட்சிக்குக் கேரளத்தில் எம்.பி. இல்லாத குறையைத் தீர்த்துவைப்போம் என்று பேசினார். ரப்பர் விவசாயியின் கஷ்டம் உண்மை. குலசேகரம் பக்கம் பால் வெட்டுகிறவர்களைக் கேட்டாலும் அதையே சொல்வார்கள். ஆனால் அந்தப் பேச்சுக்குப் பிறகு ஊரெல்லாம் விவாதித்தது பேராயரின் அரசியலை. கிலோவுக்கு எவ்வளவு என்பது ஓரத்துக்குப் போய்விட்டது. வாக்கை மொத்தமாகப் பேரம் பேசினால் கோரிக்கை பின்னுக்கும் பேசியவர் முன்னுக்கும் வந்துவிடுகிறார்கள்.

சரி, என்ன செய்யலாம்? நம் கையில் இருக்கிற பலம் பிரசங்க பீடத்தைவிட அலமாரியில்தான் அதிகம். ஞானஸ்நானப் பதிவேடு, திருமணப் பதிவேடு, அடக்கப் பதிவேடு, குடும்ப அட்டை. எந்த வீட்டில் யார் 18 முடித்தார், யார் இறந்தார், யார் கட்டிக்கொடுத்துப் போனார், யார் கல்ஃபில் இருக்கிறார் என்று ஊராட்சி அலுவலகத்தைவிடச் சபைச் செயலருக்கு நன்றாகத் தெரியும். இதை வாக்காளர் பட்டியல் திருத்தத்துக்குப் பயன்படுத்துங்கள். ஒரு சேகரத்துக்கு நாலு ஆளும் மூன்று சனிக்கிழமையும் போதும்.

முதல் வேலை, தலைமைத் தேர்தல் அதிகாரி தளத்திலிருந்து பாகம் (பூத்) வாரியாகப் பட்டியலை இறக்குவது. முந்நூறு வீடுள்ள சபை ஒரே பாகத்தில் இருக்காது, நாலைந்து பூத்தில் சிதறிக் கிடக்கும். ஆகவே குடும்ப அட்டையைச் சபை வரிசையில் வைத்துக்கொண்டு பார்த்தால் குழம்பும். முதலில் பூத் வாரியாக அடுக்குங்கள், பிறகு பெயர் பெயராக டிக் செய்யுங்கள். புதிதாகச் சேர 6ஆம் படிவம். ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று ஆண்டுக்கு நாலு தகுதி நாள் இருக்கிறது. 17 முடிந்த பிள்ளை முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். திடப்படுத்தல் வகுப்பில் உட்காருகிற வயதும் ஏறக்குறைய இதேதான், வகுப்பு முடிந்த கையோடு படிவத்தையும் நிரப்பவிடலாம். வெளிநாட்டில் இருந்துகொண்டு இந்தியக் குடியுரிமையை விடாதவருக்கு 6ஏ படிவம். ஆனால் அவர் ஊருக்கு வந்து பாஸ்போர்ட்டோடு நேரில்தான் வாக்களிக்க முடியும் என்பதைச் சொல்லிவிடுங்கள், பிறகு மனத்தாங்கல் வரும்.

இந்த எல்லையில் பெரிய சிக்கல் இரட்டைப் பதிவு. பாறசாலையில் பிறந்த பெண் குழித்துறைக்கு மருமகளாக வருகிறாள். இடம் மாறியதற்கு 8ஆம் படிவம் கொடுத்திருந்தால் பழைய இடத்துப் பெயர் நீங்கி இங்கே வந்திருக்கும். யாரோ உதவி செய்கிறேன் என்று புதிதாக 6ஆம் படிவம் நிரப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். இப்போது இரண்டு மாநிலத்திலும் பெயர். இரண்டு தொகுதிப் பட்டியலில் இருப்பது சட்டப்படி கூடாது. படிவத்தில் 'வேறெங்கும் பெயரில்லை' என்று தெரிந்தே பொய் எழுதினால் ஓராண்டு வரை சிறை. அவள் கண்ணில் அது பொய்யாகவே பட்டிருக்காது, கையெழுத்து மட்டும் போட்டிருப்பாள். இன்னொரு கூட்டம், இரண்டு பக்கமும் வீடு வைத்திருப்பவர்கள். வீடோ நிலமோ இருப்பதால் மட்டும் அந்த ஊரில் 'சாதாரணமாக வசிப்பவர்' ஆகிவிட முடியாது என்று 1950ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. எங்கே உறங்கி எழுகிறார்களோ அங்கே ஒரு பெயர், அவ்வளவுதான்.

பெயர் எழுதுவதிலும் தகராறு வரும். இங்கே இனிஷியல் முன்னால், அங்கே பின்னால். ஞானஸ்நானச் சான்றில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் கூப்பிடு பெயர், மலையாளத்தில் எழுதி ஆங்கிலத்துக்கு மாற்றியதில் மூன்றாவது எழுத்துக்கூட்டு. திருத்தச் சரிபார்ப்பு வரும்போது தகப்பன் பெயர் பொருந்தவில்லை என்று நோட்டீஸ் வரும். 8ஆம் படிவத்தில் இதையும் திருத்தலாம், ஆனால் ஆதாரமாக வைக்கும் சான்றுகள் எல்லாவற்றிலும் முதலில் ஒரே எழுத்துக்கூட்டு வரவேண்டும். இதற்கு மாதக்கணக்கு ஆகும். தேர்தல் அறிவித்த பிறகு ஓடினால் நடக்காது.

மூன்று எச்சரிக்கை. நீக்கத்துக்கான 7ஆம் படிவத்தில் சபை கைவைக்கக் கூடாது; இறந்தவரின் வீட்டாரே கொடுக்கட்டும். கட்டாகக் கொண்டுபோய்க் கொடுத்தால் 'கிறிஸ்தவர்கள் எங்கள் ஆட்களை நீக்கப் பார்க்கிறார்கள்' என்று ஒரே நாளில் பேச்சு கிளம்பும். 1982 மண்டைக்காட்டுக் கலவரத்தை மறக்காத மாவட்டம் இது. அடுத்து, ஆதார் நகலை வாங்கி அலமாரியில் வைக்காதீர்கள். படிவத்தைப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கடைசியாக, மேசையை ஆலயத்துக்குள் போடாதீர்கள். வாசகசாலையோ பள்ளி வராந்தாவோ போதும். தெருவில் உள்ள எல்லா வீட்டுக்கும், கோவிலுக்குப் போகிற வீட்டுக்கும் பள்ளிவாசலுக்குப் போகிற வீட்டுக்கும், அதே மேசை.

அடுத்தது கிராமசபை. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. குறைவெண் (கூட்டம் செல்ல வந்தாக வேண்டிய ஆட்கள்) மக்கள்தொகையைப் பொறுத்தது: 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50, மூவாயிரம் வரை 100, பத்தாயிரம் வரை 200, அதற்கு மேல் 300. கேரளத்தில் கிராமசபை வார்டு அளவில், மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது, வாக்காளரில் பத்தில் ஒருவர் வரவேண்டும். வீடு கட்டும் திட்டப் பயனாளிப் பட்டியல் அங்கே முடிவாகிறது என்பதால் கேரளப் பக்கம் ஆட்கள் வருகிறார்கள். குமரி மாவட்டத்தில் 95 ஊராட்சிகளோடு ஏறக்குறைய ஐம்பது பேரூராட்சிகள் இருக்கின்றன. பேரூராட்சியில் கிராமசபை கிடையாது, வார்டுக் குழுவும் பகுதி சபையும்தான். உங்கள் சபை எதில் வருகிறது என்று முதலில் பாருங்கள். களியக்காவிளை பேரூராட்சி என்பது தெரியாமல் கிராமசபை எப்போது என்று கேட்கிறவர்கள் உண்டு.

கிராமசபை நம்மிடம் தோற்பதற்கு ஒரு எளிய காரணம், சுதந்திர தினத்தன்று அதே நேரத்தில் ஆலய வளாகத்தில் கொடியேற்றமும் வாலிபர் ஐக்கிய விளையாட்டுப் போட்டியும் வைப்பது. கயிறு இழுக்கிறவர்கள் அங்கே, தீர்மானம் இங்கே. போட்டியைப் பிற்பகலுக்குத் தள்ளுங்கள். தண்ணீர், தெருவிளக்கு, கல்லறைப் பாதை, எதுவானாலும் ஒரு பொருளை ஒரு தாளில் எழுதி, முன்கூட்டியே ஊராட்சிச் செயலரிடம் கொடுத்து, நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். கூட்டத்தில் தீர்மான வாசகத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். வெறும் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுவதுதான் வழக்கமான கோளாறு, பிறகு அந்தப் பக்கத்தில் என்ன ஏறியது என்று யாருக்கும் தெரியாது. தீர்மான நகல் தராவிட்டால் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமை மனு. முப்பது நாளில் பதில் வரவேண்டும். கூட்டம் நடத்த நம் கல்யாண மண்டபத்தைக் கொடுக்க முன்வராதீர்கள், சமய வளாகத்தில் கிராமசபை நடத்தக் கூடாது என்றே ஆட்சியர்களின் சுற்றறிக்கை வருகிறது. கேரளப் பக்கத்து அலுவலகங்களுக்குத் தமிழ் மனுவோடு மலையாள நகலையும் சேர்த்துவிட்டால் 'புரியவில்லை' என்ற சாக்குக்கு இடமிருக்காது.

இரண்டு மாநிலத்திலும் ஆட்கள் உள்ள அமைப்பு நாம். நெய்யாறு இடதுகரைக் கால்வாய் விஷயத்தை எடுங்கள். கேரளத்திலிருந்து வந்து விளவங்கோடு வட்டத்தில் ஏறத்தாழ 9,200 ஏக்கருக்குப் பாய்ந்த தண்ணீர் 2004 முதல் வருவதில்லை. வழக்கு உச்ச நீதிமன்றத்தில். தமிழ்நாட்டுக் கட்சி ஒன்று பேசுவதை அதன் கேரளக் கிளை பேசாது. ஒரே திருச்சபையின் இரு பக்கத்துச் சேகரங்களும் உட்கார்ந்து, அந்தப் பக்கத்து விவசாயிக்குத் தேவையான அளவு எவ்வளவு, இந்தப் பக்கம் தூர்ந்துபோன கிளைக் கால்வாய் எத்தனை என்று ஒரு கணக்கெடுத்து இரண்டு ஆட்சியரிடமும் கொடுத்தால் எந்தக் கட்சியும் அதை ஒதுக்க முடியாது. கனிமவள லாரி, எல்லை தாண்டிக் கொட்டும் மருத்துவக் கழிவு, இவற்றுக்கும் இதே வழி.

போராட்டம் வேண்டாமா? வேண்டும்போது வேண்டும். இந்த மண்ணில் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேலாடை அணியும் தோள்சீலை உரிமைக்காக 1813 முதல் 1859 வரை மனுமேல் மனு போட்டிருக்கிறார்கள். 1859 ஜூலை 26 அரசாணையும் முழு உரிமை தரவில்லை, உயர்சாதிப் பெண்களைப்போல் உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் வந்தது. அதற்குப் பிறகும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2017 ஒக்கிப் புயலுக்குப் பிறகு, டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் நிலையத்தில் மக்கள் உட்கார்ந்தபோது அரசு அசைந்ததற்குக் கூட்டம் ஒரு காரணம் என்றால், எந்த ஊர், எந்தப் படகு, எத்தனை பேர் என்று கரையோரப் பங்குகள் திரட்டி வைத்திருந்த கணக்கு இன்னொரு காரணம். பெயர் சொல்லிக் கேட்டால் மறுக்க முடியாது. மறுபக்கம், 2022 ஆகஸ்ட் 16 தொடங்கி டிசம்பர் 6 வரை விழிஞ்ஞத்தில் துறைமுகத்துக்கு எதிராக நடந்த முற்றுகையைப் பாருங்கள். கடலரிப்புக் கேள்வி நியாயமானது. நவம்பர் 27 இரவு காவல் நிலையம் தாக்கப்பட்ட பிறகு கடலரிப்பைப் பற்றிப் பேச ஆளில்லாமல் போயிற்று. மறியல் அறிவிக்கும் சபை, யார் முன்வரிசையில் நிற்பார்கள், யார் கலைந்து போகச் சொல்வார்கள், எந்த நேரத்தில் முடியும் என்பதை எழுதி வைக்காமல் மணி அடிக்கக் கூடாது.

இனி, போட்டியிட விரும்புகிற நம் சகோதர சகோதரிகள். மார்ஷல் நேசமணி சபையிலிருந்து வந்த வழக்கறிஞர்தான். குமரியைத் தமிழ்நாட்டோடு சேர்க்க அவர் தலைமையில் நடந்த தெற்கெல்லைப் போராட்டத்தில் கோவிலுக்குப் போகிறவர்களும் பள்ளிவாசலுக்குப் போகிறவர்களும் சேர்ந்தே நின்றார்கள். 1954 ஆகஸ்ட் 11 துப்பாக்கிச்சூட்டில் குண்டு மதம் பார்க்கவில்லை. 1956 நவம்பர் 1 அன்று நாலு வட்டங்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. அப்படி வரவிரும்புகிறவர் வரட்டும், சபைப் பொறுப்பை விட்டுவிட்டு வரட்டும். ஒவ்வொரு சேகரமும் பங்கும் ஒரு தீர்மானம் போட்டுக்கொள்ளலாம்: வேட்புமனு கொடுக்கும் நாளிலேயே கமிட்டிப் பதவி முடிந்தது, தோற்றால் அடுத்த கமிட்டித் தேர்தல் வரை திரும்ப முடியாது. கத்தோலிக்கக் குருக்களுக்கு இந்தக் கேள்வியே இல்லை, திருச்சபைச் சட்டம் 285, 287 அரசுப் பதவியையும் கட்சிப் பொறுப்பையும் அவர்களுக்குத் தடுக்கிறது. மற்றச் சபைகள் தங்கள் விதியில் எழுதிக்கொள்ள வேண்டும். (நம் கமிட்டித் தேர்தல்களையே கட்சிப் பேனல் போட்டு நடத்துகிற ஊர்கள் இருக்கின்றன. அந்தக் கதையை வேறொரு மடலில் எழுதலாம்.)

வேட்பாளர்களைக் கேள்வி கேட்க ஆசைப்பட்டால், தேர்தல் அறிவிப்புக்கு முன்பே, பொது மண்டபத்தில், போட்டியிட வாய்ப்புள்ள எல்லாக் கட்சியாரையும் கூப்பிட்டுக் கேளுங்கள். அறிவிப்புக்குப் பிறகு என்றால் தேர்தல் நடத்தும் அலுவலரின் எழுத்து அனுமதி இல்லாமல் நாற்காலி கூடப் போடாதீர்கள். கேள்வி ஐந்துக்கு மேல் வேண்டாம், எல்லாருக்கும் ஒரே கேள்வி, பதிலை அப்படியே எழுதி வாசகசாலைச் சுவரில் ஒட்டலாம். மதிப்பெண் போடக் கூடாது. மதிப்பெண் போட்ட அந்த நிமிடமே அது பிரசாரம்.

பவுலைச் சவுக்கால் அடிக்கக் கட்டியபோது அவர் கேட்டது ஒரே கேள்வி, நியாயம் விசாரிக்காத ரோமக் குடிமகனை அடிக்கச் சட்டம் இருக்கிறதா என்று. நூற்றுக்கு அதிபதி உடனே சேனாபதியிடம் போய் எச்சரித்தான், சேனாபதி பயந்தான். பவுல் அங்கே கூட்டம் கூட்டவில்லை, தன் குடியுரிமையும் சட்டமும் அவருக்குத் தெரிந்திருந்தது. நம் வாலிபர் ஐக்கியத்தில் எத்தனை பேருக்குத் தங்கள் பாக எண் தெரியும் என்று வருகிற ஞாயிறு கேட்டுப் பாருங்கள்.

இப்படிக்கு,
களியக்காவிளைக்கு இப்பாலும் அப்பாலும் உள்ள சபை விசுவாசிகள் சிலர்

பி.கு.: இந்த மடலை அச்சடித்துக் கொடுக்க விரும்பும் சபைகள் தேர்தல் அறிவிப்புக்கு முன்பே கொடுத்துவிடவும். அறிவிப்பு வந்துவிட்டால் அடியில் அச்சகத்தின், வெளியிடுபவரின் பெயரும் முகவரியும் போடாமல் ஒரு பிரதி கூட வெளியே விடவேண்டாம்.